மன்றமும் மனையும்: கார்ஹிங், சென்னை நகரங்களில் கலப்புப் பயன்பாட்டுத் திட்டங்களை ஆய்வோர் யார்? – ஒரு வரலாற்று நோக்கு

1. முன்னுரை

வீடு, கடை, அலுவலகம், விடுதி, அரங்கம் ஆகியவற்றை ஒரே வளாகத்துள் அமைக்கும் கட்டடத் திட்டத்தை நகரமைப்பாளர் கலப்புப் பயன்பாட்டுத் திட்டம் என்பர். சொல் புதிது, பொருள் பழையது. கீழே அங்காடியும் மேலே குடியிருப்புமாக மதுரையின் மாசி வீதிகளும் கும்பகோணத்தின் கடைத்தெருக்களும் பன்னெடுங்காலம் இயங்கி வந்துள்ளன. புதியது எதுவெனின், அத்தகைய கட்டடத்தை எழுப்ப ஒருவர் முன்வரும்போது அதனை ஆராய்ந்து, 'எழுப்புக' என்றோ 'எழுப்பற்க' என்றோ கூறும் உரிமை சட்டத்தால் ஓர் அவைக்கு அளிக்கப்பட்டிருத்தலே ஆகும்.

அவ்வவை எது என்பதே இக்கட்டுரையின் வினா. ஜெர்மனியின் பவேரிய மாநிலத்தில் மியூனிக் நகருக்கு வடக்கே அமைந்த கார்ஹிங் என்னும் சிறுநகரில் அவ்வுரிமை நகர்மன்றத்திடம் உள்ளது. சென்னையில் அது ஒரு காலத்தில் மாமன்றத்தின் வழியே தொடங்கிப் பின்னர் வேறிடம் சென்றது. இவ்விரு வரலாறுகளையும் அடுத்தடுத்து வைத்து நோக்கின், ஒரு திட்டத்தின் நன்மை தீமையை ஆராயுமுன் அத்திட்டம் யாருடைய மேசைக்கு வருகிறது என்பதை ஆராய வேண்டும் என்னும் உண்மை புலப்படும். அதனை நிறுவுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

2. இரு பழம் ஆவணங்கள்

கார்ஹிங் பற்றிய முதல் எழுத்துச் சான்று கி.பி. 915ஆம் ஆண்டினது. முதலாம் பராந்தக சோழனின் உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் கி.பி. 919, 921ஆம் ஆண்டுகளைச் சார்ந்தவை. இவ்விரண்டிற்கும் தொடர்பு யாதுமில்லை. கால ஒற்றுமை மட்டுமே உண்டு. எனினும் தமிழ் ஆய்வாளர் இப்பொருளை அணுகுவதற்கு உத்திரமேரூர் ஒரு தக்க வாயிலாகும்.

ஊரை முப்பது குடும்புகளாகப் பகுத்து, குடவோலை வழியாக உறுப்பினரைத் தேர்ந்து, ஆட்டை வாரியம், தோட்ட வாரியம், ஏரி வாரியம் எனப் பணிகளைப் பிரித்தளித்த செய்தியை இக்கல்வெட்டுகள் தருகின்றன. ஏரி வாரியத்திற்கு அறுவர்; ஆட்டை வாரியத்திற்கும் தோட்ட வாரியத்திற்கும் பன்னிருவர். நிலமும் நீரும் எவ்வாறு பயன்பட வேண்டும் என்பதை ஊரவையின் குழுவே மேற்பார்த்தது என்பது இதனால் பெறப்படும். கணக்குக் காட்டாதவர் மீண்டும் தேர்ந்தெடுக்கப்படும் தகுதியை இழந்தனர். அவர்தம் நெருங்கிய உறவினர்க்கும் அத்தடை இருந்தது.

இதனை மக்களாட்சி எனப் போற்றிவிட்டு அப்பால் செல்லுதல் ஆய்வு நெறியன்று. கால் வேலிக்கு மேல் இறைநிலம் உடைமை, தன் மனையில் அகம் எடுத்திருத்தல், 35 வயதிற்கு மேல் 70 வயதிற்குட்பட்டிருத்தல், வேதக் கல்வி ஆகியவை தகுதிகளாக வைக்கப்பட்டன. அது பிரமதேய ஊரின் சபை. உழுதவரும் ஏரி வெட்டியவரும் அவ்வோலைக் குடத்துள் இடம்பெறவில்லை. ஆகவே உத்திரமேரூர் நமக்கு இரண்டு வினாக்களை ஒருங்கே விட்டுச் செல்கிறது. நிலப்பயன்பாட்டை முடிவு செய்வது உள்ளூர் அவையா என்பது முதலாவது. அவ்வவையில் இடம்பெறாதோர் யாவர் என்பது இரண்டாவது. பின்வரும் பகுதிகளில் இவ்விரு வினாக்களும் தொடர்ந்து வரும்.

3. கார்ஹிங்: வயலிடை எழுந்த ஆய்வு வளாகம்

இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை கார்ஹிங் ஈசார் ஆற்றுப் படுகையை ஒட்டிய உழவர் சிற்றூராகவே இருந்தது. 1957 அக்டோபர் 31ஆம் நாள் அதன் வயல்வெளியில் ஜெர்மனியின் முதல் அணு ஆய்வுலை இயங்கத் தொடங்கியது. முட்டை வடிவக் கூரையுடைய அக்கட்டடத்தை மக்கள் 'அணுமுட்டை' என்றே அழைத்தனர். ஊரின் சின்னத்திலும் அது இடம்பெற்றது. 1960இல் மாக்ஸ் பிளாங்க் பிளாஸ்மா இயற்பியல் நிறுவனம் தோன்றியது. 1980இல் ஐரோப்பியத் தெற்கு வான்நோக்ககத்தின் தலைமையகம் அங்குக் குடியேறியது. மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் துறைகள் ஒவ்வொன்றாக மாறிவந்தன. 1997இல் இயந்திரப் பொறியியலும் 2002இல் கணிதமும் கணினியியலும் வந்தன. 1990இல் கார்ஹிங் நகரத் தகுதி பெற்றது. 2006 அக்டோபரில் மியூனிக்கின் ஆறாம் எண் சுரங்கத் தொடர்வண்டித் தடம் வளாகம் வரை நீண்டது.

இவ்வளர்ச்சியில் ஒரு குறை இருந்தது. வளாகம் ஆய்வுக்கும் கல்விக்கும் மட்டுமே உரியதாக வகுக்கப்பட்டது. உழைக்குமிடம் வேறு, வாழுமிடம் வேறு, பொழுதுபோக்கும் இடம் வேறு எனப் பிரிக்கும் நகரமைப்புக் கொள்கை ஓங்கியிருந்த காலத்தின் விளைவு அது. பகலில் பல்லாயிரவர் நிறைந்த இடம் மாலையில் வெறிச்சோடியது. நகரில் வாழ்வோர் ஏறத்தாழ 18,000 பேர். வளாகத்தில் படிப்போரும் பணிபுரிவோரும் அத்தொகையை விஞ்சுவர். இத்துணை மக்கட்கும் கடை, உணவகம், விருந்தினர் விடுதி, கூடும் அரங்கம் ஆகியவற்றை ஒருங்கே தரும் 'புதிய நடுவம்' வேண்டும் என்னும் எண்ணம் நெடுங்காலம் பேசப்பட்டது. பலமுறை தள்ளிப்போய், 2010களின் பிற்பகுதியில்தான் தொடர்வண்டி நிலையத்தை ஒட்டி 'கலிலியோ' என்னும் பெயருடைய கலப்புப் பயன்பாட்டு வளாகமாக அது உருப்பெற்றது.

இதே காலத்தில் சென்னைக் கிண்டியில் எழுந்த மற்றொரு வளாகத்தை ஈண்டு ஒப்பிடுதல் தகும். மேற்கு ஜெர்மனியின் துணையுடன் 1959இல் நிறுவப்பெற்ற இந்தியத் தொழில்நுட்பக் கழகம், ஆய்வுக்கூடங்களோடு மாணவர் விடுதி, ஆசிரியர் குடியிருப்பு, பள்ளி, கடை ஆகியவற்றையும் தன் மதிலுக்குள் கொண்டு வளர்ந்தது. கலப்புப் பயன்பாடு என்னும் பெயர் வழங்குமுன்னரே அது கலப்பாக இருந்தது. ஆயின் அது மதிலுக்குள் அமைந்த கலப்பு, நகரோடு கலந்ததன்று. கார்ஹிங் வளாகத்திற்கு மதிலில்லை. அதனால் அதன் நடுவம் எவ்வாறு அமைய வேண்டும் என்பது நகரின் வினாவாகவும் ஆயிற்று.

4. நகர்மன்றத்தின் ஆய்வு முறை

ஜெர்மன் அடிப்படைச் சட்டத்தின் 28ஆம் உறுப்பு உள்ளூர் மக்களின் அலுவல்களைத் தம் பொறுப்பில் நடத்தும் உரிமையை ஊராட்சிகட்கு உறுதி செய்கிறது. 1960ஆம் ஆண்டுக் கூட்டாட்சிக் கட்டடச் சட்டமும் அதன் வழிவந்த இன்றைய கட்டடச் சட்டத் தொகுப்பும், நிலப்பயன்பாட்டுத் திட்டங்களை ஊராட்சியே தன் பொறுப்பில் வகுக்கும் என்கின்றன. நிலம் மாநில அரசினதாயினும் பல்கலைக்கழகத்தினதாயினும் பெருஞ்செல்வரதாயினும் இவ்விதி மாறாது. மனையின் உடைமை ஒருவரிடமும் அம்மனையின் பயன்பாட்டை வகுக்கும் உரிமை மற்றோரிடமும் இருத்தலே இம்முறையின் உயிர்நாடி.

கார்ஹிங் நகர்மன்றத்தில், பவேரிய ஊராட்சிச் சட்டம் 10,000க்கு மேல் 20,000 வரை மக்கள் வாழும் ஊர்கட்கு வகுத்தவாறு, 24 உறுப்பினரும் முதற்குடிமகனாகிய நகரத் தலைவரும் உளர். பதவிக்காலம் ஆறாண்டுகள். ஒரு பெருந்திட்டம் முன்மொழியப்படும்போது அதன் ஆய்வு பின்வரும் படிகளில் நிகழும்.

முதலாவது, தமிழ்நாட்டின் விரிவான வளர்ச்சித் திட்டத்தை ஒத்த பகுதித் திட்டம் ஒன்றை வகுப்பதென மன்றம் தீர்மானிக்கும். இரண்டாவது, திட்டத்தின் நோக்கமும் மாற்று வழிகளும் தொடக்க நிலையிலேயே மக்களுக்கு அறிவிக்கப்பட்டு அவர்தம் கருத்துக் கேட்கப்படும். மூன்றாவது, நீர், சாலை, இயற்கைப் பாதுகாப்பு முதலிய துறைகளின் கருத்துரை பெறப்படும். நான்காவது, வரைவு ஒரு திங்களுக்குக் குறையாமல் பொதுப்பார்வைக்கு வைக்கப்படும். ஐந்தாவது, வந்த கருத்துரைகளை மன்றம் ஒவ்வொன்றாக எடுத்துப் பொதுநலன்களையும் தனியார் நலன்களையும் ஒன்றோடொன்று சீர்தூக்கும். இறுதியாக, திட்டத்தை உள்ளூர்த் துணைவிதியாக நிறைவேற்றும். சீர்தூக்கல் முறையாக நடைபெறவில்லையெனின் நீதிமன்றம் அத்துணைவிதியைச் செல்லாததாக்கலாம். ஆகவே ஐந்தாம் படி வெறும் சடங்கன்று.

கலப்புப் பயன்பாடு என்பதற்கும் அங்குச் சட்ட வரையறை உண்டு. 1962ஆம் ஆண்டு நிலப்பயன்பாட்டு விதிகள் குடியிருப்பும் அதற்கு இடையூறு செய்யாத தொழிலும் நிகராக அமையும் 'கலப்புப் பகுதி'யை வகுத்தன. 2017இல் 'நகரியப் பகுதி' என்னும் புதுவகை சேர்க்கப்பட்டது. அதில் வீடும் தொழிலும் சம அளவில் இருக்க வேண்டியதில்லை. அடர்த்தியும் கூடலாம். பகல்நேர ஒலி வரம்பும் கலப்புப் பகுதிக்குரிய 60 டெசிபலினின்று 63 டெசிபலாக உயர்த்தப்பட்டது. இரவு வரம்பு 45 டெசிபலாகவே நின்றது. கடைக்கு மேல் வாழும் குடும்பத்தின் உறக்கத்தையும் கீழே தொழில் செய்வோரின் பிழைப்பையும் ஒரே விதியால் அளக்க முயன்றதன் பயன் இது. எவ்வகையைத் தேர்வது என்பதே மன்றம் செய்யும் முதன்மையான அரசியல் முடிவாகிறது.

இம்முறையின் விலை காலத்தாழ்வு. 'புதிய நடுவம்' பலவாண்டுகள் பேச்சளவில் நின்றதற்கு முதலீடு, ஒப்பந்தம், உடைமை எனக் காரணங்கள் பலவாக இருந்திருக்கலாம். ஆயினும் பல படிகளைக் கடக்க வேண்டிய முறை விரைவுக்கு உதவாது என்பதை மறுத்தற்கில்லை. விரைவை விரும்புவோர் இதனைக் குறையென்பர். அக்குறைக்கு ஈடாக ஊர் பெறுவது யாது என்பதைச் சென்னை வரலாறு எதிர்நிலையில் காட்டும்.

5. சென்னை: மாமன்றம் தொடங்கியதும் இழந்ததும்

சென்னை மாநகராட்சி 1688இல் தொடங்கியது. ஆயின் நகரை வகுப்பது தனித்துறை என்னும் உணர்வு முதல் உலகப் போர்க்காலத்தில்தான் வேரூன்றியது. 1914 செப்டம்பர் 22ஆம் நாள் சென்னை மீது குண்டுவீசிய எம்டன் என்னும் ஜெர்மானியக் கப்பலைத் தமிழர் இன்றும் மறவார். அடுத்த மாதம் அதே எம்டன் 'கிளான் கிராண்ட்' என்னும் வணிகக் கப்பலை மூழ்கடித்தது. அதில் பேட்ரிக் கெடிசின் நகரமைப்புக் கண்காட்சிப் பொருள்கள் இந்தியாவிற்கு வந்துகொண்டிருந்தன. நண்பர்கள் திரட்டித் தந்த மாற்றுப் பொருள்களைக் கொண்டு 1915 தொடக்கத்தில் கெடிஸ் சென்னையில் கண்காட்சி நடத்தினார். பின்னர் மதுரை, தஞ்சாவூர் முதலிய ஊர்களை நடந்து ஆராய்ந்து அறிக்கைகள் எழுதினார். ஊரை இடித்து அகற்றாமல் வேண்டிய இடத்தில் மட்டும் சிறிதாகத் திருத்த வேண்டும் என்பதும், அவ்வூர் மக்களைக் கேளாமல் திட்டம் தீட்டலாகாது என்பதும் அவர் கொள்கையின் சாரம். 1918இல் லான்செஸ்டர் சென்னை நகரமைப்புப் பற்றி நூலொன்று வெளியிட்டார். இவற்றின் தொடர்ச்சியாகவே 1920ஆம் ஆண்டுச் சென்னை நகரமைப்புச் சட்டம் இயன்றது.

அச்சட்டத்தின் அமைப்பு கார்ஹிங்கின் இன்றைய முறையோடு வியக்கத்தக்க ஒப்புமை உடையது. நகராட்சி மன்றமே திட்டம் வகுக்கத் தீர்மானிக்கும், வரைவை வெளியிடும், ஆட்சேபங்களைக் கேட்கும், அரசு இசைவளிக்கும். இச்சூழலில் உருவானதே தியாகராய நகர். மயிலாப்பூர், நுங்கம்பாக்கம் ஏரிகள் சேர்ந்த 'லாங் டேங்க்' என்னும் நீண்ட நீர்நிலை 1920களில் தூர்க்கப்பட்டு, பனகல் பூங்காவை நடுவாகக் கொண்டு வீதிகள் விரிந்தன. மாநகராட்சியின் அலுவல்சாராத முதல் தலைவராக விளங்கிய பிட்டி தியாகராயரின் பெயரை நகரும், நீதிக்கட்சித் தலைவர் பலரின் பெயர்களைத் தெருக்களும் தாங்கின. பூங்காவும் வீடும் கடைத்தெருவும் அணுகி அமைந்த இப்பகுதி, தமிழகத்தின் கலப்புப் பயன்பாட்டு வரலாற்றில் ஒரு திருப்பம் ஆகும்.

எனினும் உத்திரமேரூர் எழுப்பிய இரண்டாம் வினா இங்கும் தலைகாட்டுகிறது. அக்கால மாநகராட்சித் தேர்தலில் வாக்குரிமை வரி, உடைமை முதலிய தகுதிகளால் வரையறுக்கப்பட்டிருந்தது. பத்தாம் நூற்றாண்டில் ஏரியைக் காக்க ஒரு வாரியம் இருந்தது. இருபதாம் நூற்றாண்டில் ஏரியைத் தூர்க்க ஒரு மன்றம் இருந்தது. 2021 நவம்பர் மழையில் தியாகராய நகர்த் தெருக்களில் நாட்கணக்கில் நீர் தேங்கியபோது பழைய ஏரியின் நினைவு மீண்டது. மன்றம் முடிவு செய்தது என்பதனாலேயே முடிவு நன்றாகிவிடாது.

இக்குறையை நீக்க இரண்டு வழிகள் இருந்தன. வாக்குரிமையை விரித்து மன்றத்தைத் திருத்துவது ஒன்று. மன்றத்தினின்று திட்டத்தையே அகற்றுவது மற்றொன்று. வயது வந்தோர் அனைவர்க்கும் வாக்குரிமை வந்தபின் முதல் வழி திறந்தது. ஆயின் நிகழ்ந்தது இரண்டாவது. 1971ஆம் ஆண்டுத் தமிழ்நாடு நகர், ஊரமைப்புச் சட்டம் 1920ஆம் ஆண்டுச் சட்டத்தை நீக்கி, திட்டமிடும் பொறுப்பைத் திட்டக் குழுமங்கட்கு வழங்கியது. சென்னைக்குப் பெருநகர் வளர்ச்சிக் குழுமம் 1970களின் நடுப்பகுதியில் சட்டமுறையில் நிறுவப்பெற்று முதல் முழுமைத் திட்டத்தை வகுத்தது. அப்போது சென்னைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட மாமன்றமே இல்லை. 1973இல் கலைக்கப்பட்ட மாமன்றம் 1996 தேர்தலுக்குப் பின்னரே மீண்டும் கூடியது. 23 ஆண்டுகள் மாநகராட்சி தனி அலுவலரின் ஆளுகையில் இருந்தது. ஒரு பெருநகரின் நிலம் எவ்வெவ்வாறு பயன்பட வேண்டும் என வகுக்கப்பட்ட முதன்மையான காலத்தில், அதனைக் கேட்டு வாதிட ஓர் அவை இல்லை என்பது வெறும் தற்செயல் எனக் கொள்ளினும் அதன் விளைவு தற்செயலன்று.

விளைவைத் தியாகராய நகரே காட்டியது. குடியிருப்பு மனைகளில் பன்மாடிக் கடைகள் எழுந்தன. கலப்பு நிகழ்ந்தது, ஆனால் யாரும் சீர்தூக்கி முடிவு செய்த கலப்பன்று. விதிமீறிய கட்டடங்களைக் கட்டணம் பெற்று முறைப்படுத்தும் 113-அ பிரிவு 1990களின் இறுதியில் சட்டத்துள் நுழைந்தது. கட்டுமுன் நிகழ வேண்டிய ஆய்வு கட்டிய பின் நிகழும் மன்னிப்பாக மாறியதை இப்பிரிவு பதிவு செய்கிறது.

1993 ஜூன் முதல் நடைமுறைக்கு வந்த 74ஆம் அரசியலமைப்புத் திருத்தம் பன்னிரண்டாம் அட்டவணையில் 18 பொருள்களை அடுக்கி, நகரமைப்பை முதலாவதாகவும் நிலப்பயன்பாடு, கட்டட ஒழுங்குமுறையை இரண்டாவதாகவும் வைத்தது. ஆயின் அவ்வதிகாரங்களை மாநிலச் சட்டமன்றம் நகராட்சிகட்கு 'வழங்கலாம்' என்றே 243-டபிள்யூ உறுப்பு கூறுகிறது. ஜெர்மனியில் 'உறுதி' என நின்ற இடத்தில் இந்தியாவில் 'லாம்' என்னும் விகுதி நிற்கிறது. 2008இல் சென்னையின் இரண்டாம் முழுமைத் திட்டம் நடைமுறைக்கு வந்தபோதும் அதனை வகுத்தது குழுமமே, இசைவளித்தது அரசே. சிறு கட்டடங்கட்கான இசைவு மட்டும் உள்ளாட்சி அலுவலரிடம் ஒப்படைக்கப்பட்டது. இன்று 200 வட்டங்களின் உறுப்பினர் கூடும் மாமன்றத்தில் சாலை, கழிவுநீர், விளக்கு பற்றிய தீர்மானங்கள் உண்டு. தம் வட்டத்தில் எழவிருக்கும் பெருவளாகத்தைச் சீர்தூக்கும் கடமை அவர்க்கில்லை. 2016 முதல் 2022 வரை மீண்டும் மாமன்றம் இன்றியே நகரம் நடந்தது.

6. வாக்கில்லாதோர் குரல்

கார்ஹிங் முறையைக் குறையற்றதாகக் காட்டுதல் இக்கட்டுரையின் கருத்தன்று. அங்கும் அவைக்கு வெளியே நிற்போர் உளர். ஐரோப்பிய ஒன்றிய நாட்டினர் உள்ளூர்த் தேர்தலில் வாக்களிக்கலாம். பிறநாட்டுக் குடிமக்களுக்கு அவ்வுரிமையில்லை. அயல்நாட்டினர்க்கு உள்ளூர் வாக்குரிமை அளித்த மாநிலச் சட்டத்தைக் கூட்டாட்சி அரசியலமைப்பு நீதிமன்றம் 1990 அக்டோபர் 31ஆம் நாள் செல்லாததாக்கியது. எனவே தமிழகத்தினின்றோ ஈழத்தினின்றோ கார்ஹிங் சென்று, அந்நாட்டுக் குடியுரிமை பெறாது வாழும் மாணவரும் ஆய்வாளரும் வளாகத்தின் நடுவம் எவ்வாறு அமைய வேண்டும் என்பதை முடிவு செய்யும் 24 பேரைத் தேர்ந்தெடுத்தல் இயலாது. மாலையில் வெறிச்சோடும் வளாகத்தின் துன்பத்தை நேரே நுகர்பவர் அவரே.

எனினும் ஒரு வழி அவர்க்கு உண்டு. வரைவு பொதுப்பார்வைக்கு வைக்கப்படும் திங்களில் கருத்துரை வழங்கும் உரிமை வாக்காளர்க்கு மட்டும் உரியதன்று. குடியுரிமை அங்குக் கேட்கப்படுவதில்லை. வந்த கருத்தை ஏற்பதோ மறுப்பதோ மன்றத்தின் முடிவு. ஆயின் அதனைக் காணாதது போல் கடந்து செல்லுதல் சட்டப் பிழை. குடத்துள் ஓலை இடப்பெறாதவனும் அவையின் முன் சொல் வைக்கலாம் என்பது உத்திரமேரூர் அறியாத முன்னேற்றம். சென்னைக் குழுமமும் முழுமைத் திட்ட வரைவின் மீது மக்கள் கருத்தைக் கேட்கக் கடப்பாடுடையது. ஆனால் அக்கருத்தைச் சீர்தூக்குவோர் அடுத்த தேர்தலில் அம்மக்கள் முன் நிற்க வேண்டியவர் அல்லர். இரண்டு நகரங்கட்கும் உள்ள வேறுபாடு இவ்விடத்தில் உறைகிறது.

7. முடிவுரை

மேற்கூறியவற்றால் மூன்று முடிவுகள் பெறப்படுகின்றன.

ஒன்று: மன்றமே நகரை வகுக்கும் முறை ஐரோப்பாவிற்கே உரியதன்று. 1920ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழி சென்னை மாகாணத்தில் அது நடைமுறையில் இருந்தது. எனவே அதனை மீட்டல் பிறர் வழக்கைக் கடன் கொள்ளுதல் ஆகாது.

இரண்டு: மன்றத்தின் பிழையைத் திருத்துவதற்கு மன்றத்தின் வாயிலை அகலத் திறத்தலே வழி, மன்றத்தினின்று முடிவை அகற்றுதல் வழியன்று. தூர்க்கப்பட்ட ஏரி முதலாவதன் தேவையையும் முறைப்படுத்தப்பட்ட விதிமீறல்கள் இரண்டாவதன் தீங்கையும் உணர்த்துகின்றன.

மூன்று: 74ஆம் திருத்தத்தின் முதலிரு பொருள்களையும் மாநிலச் சட்டத்தால் மாமன்றங்கட்கு வழங்க இன்றும் தடையில்லை. பெருநகர் முழுமைக்குமான ஒருங்கிணைப்புக்கு, மூன்றில் இரண்டு பங்கு உறுப்பினர் உள்ளாட்சியாளரால் தேர்ந்தெடுக்கப்படும் பெருநகர்த் திட்டக் குழுவை அத்திருத்தமே வகுத்துள்ளது. சென்னைப் பெருநகர்ப் பகுதி 2022இல் 1,189 சதுர கிலோமீட்டரினின்று 5,904 சதுர கிலோமீட்டராக விரிந்துள்ளது. அப்பரப்பினுள் நெல்வயலும் ஏரியும் சிற்றூரும் உள்ளன. கார்ஹிங் போன்று வயலினின்று நகராக மாறவிருக்கும் ஊர்கள் அவற்றுட் பல. அவ்வூர்களின் மனைகள் மீது திட்டங்கள் முன்மொழியப்படும் நாளில், அவை எந்த மன்றத்தின் முன் வைக்கப்படும் என்பதை இப்போதே முடிவு செய்தாக வேண்டும்.